பச்சை வெளிச்சக் கோல்

எழுபதுகள் முடிந்து எண்பதுகள் பிறந்த சமயம் நுவரெலியா தியேட்டருக்கு ஓர் ஆங்கிலப் படம் வந்தது. விண்வெளியில் பழுதாகி நின்றுபோன ஒரு கப்பலும் அதில் தனியாக மிஞ்சிய ஒரு பெண்ணும்தான் கதை. கடைசிக் காட்சிகளில் அவள் கையில் ஒரு கோல் இருக்கும். ஒரு சாண் நீளம், கறுப்புப் பிடி, வெள்ளி உடம்பு, நுனியில் பச்சை வெளிச்சம். அதைக் கண்ணாடி ஜன்னலில் வைத்து விட்டு விட்டு அமுக்கி, தூரத்தில் போகும் வேறொரு கப்பலைக் கூப்பிடுவாள்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கந்தப்பளைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் அதே தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். படம் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது அவரிடம், "ஏங்க, எனக்கு அந்தக் கோல் வேணும்" என்றேன்.

"எந்தக் கோலு?"

"அந்தப் பொண்ணு கையில வச்சிருந்ததுதான்."

அவர் சிரித்தார். "டீச்சர் அத வச்சு என்னா செய்யப் போறீங்க? யார கூப்பிடப் போறீங்க?"

யாரையும் கூப்பிடுவதற்கு அல்ல. கையில் பிடித்துப் பார்க்க வேண்டும், அமுக்கினால் பச்சையாக எரிய வேண்டும். அவ்வளவுதான்.

வெளிநாட்டுச் சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கியிருந்த காலம் அது. கொழும்பில் ஒரு கடை, படங்களில் வருவது போலவே விண்வெளிச் சாமான்கள் விற்பதாகப் பத்திரிகையில் விளம்பரம் போட்டிருந்தது. கோலை வரைந்து, அளவு எழுதி, கடிதம் அனுப்பினேன். நாலு மாதம் கழித்துப் பார்சல் வந்தது. பாடசாலை விட்டதும் தபால் கந்தோருக்கு ஓடினேன். வீட்டுக்கு வரும்வரை பொறுக்க முடியாமல் வழியிலேயே பிரித்தேன். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய். பின்பக்கம் ஊதினால் விசில் சத்தம் வந்தது. நான் எழுதியதை ஒருவரும் வாசித்திருக்கவே மாட்டார்கள். முறையிட்டு எழுதினேன். "இதுதான் அசல்" என்று ஒரு வரியில் பதில் வந்தது.

சரி, இதையே திருத்துவோம் என்று உட்கார்ந்தேன். விசில் பகுதியை ஹெக்சோ பிளேடால் அறுத்தேன். வெள்ளிப் பெயின்ட் இறுகிக் கிடந்ததால் நிறையத் தின்னர் கலந்து பூசினேன். கழுவிய கையைத் துடைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், குழாய் வெயிலில் வைத்த மெழுகுதிரி போல ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. தின்னர் அந்தப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

இரண்டாவதைக் கொழும்பில் நடைபாதையில் வாங்கினேன். ஆசிரியர் செமினார் ஒன்றுக்குப் போனபோது கிடைத்தது. நிறம் சரி, பிடியும் கிட்டத்தட்டச் சரி. ஆனால் பொம்மைக்குச் செய்த அளவு, என் சுண்டுவிரல் நீளம்தான். அதையும் விடவில்லை. பிடியை மட்டும் கழற்றி ஒரு டோர்ச் லைட்டில் ஒட்டி, நுனியில் பச்சை டொபி மிட்டாய்த் தாளைச் சுற்றினேன். பல்பின் சூட்டில் தாள் சுருங்கிப் பழுப்பாகிப்போனது. அத்தோடு, அசல் எப்படி இருந்தது என்பதே எனக்குக் குழம்பத் தொடங்கியிருந்தது. சுவிட்ச் மேலே இருந்ததா, பக்கவாட்டிலா? வளையங்கள் மூன்றா, நாலா? மனதில் இருந்த படம் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் மாறிக்கொண்டிருந்தது.

சில வருடம் கழித்து அதே படம் ஹட்டனில் மறுபடி ஓடுவதாகக் கேள்விப்பட்டேன். சனிக்கிழமை காலை நானுஓயாவில் ரயில் ஏறிப் போனேன். இருட்டில் கொப்பியை மடியில் வைத்துப் பென்சிலால் வரைந்தேன். வெளியே வந்து பார்த்தால் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அடுத்த சனியும் போனேன். அதற்கடுத்த சனி, படம் முடிந்ததும் மாடியேறி, படம் ஓட்டும் ஒப்பரேட்டரின் கதவைத் தட்டினேன். ஐம்பது வயது இருக்கும் அவருக்கு. கொப்பியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூணு வாரமா வந்து எழுதுறது நீங்கதானா? நான் யாரோ பத்திரிகைக்காரங்கன்னு நெனச்சேன்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பிலிம் அறுந்தால் ஒட்டுவதற்காக வெட்டியெடுக்கும் துண்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். கிண்டி, ஒன்றை எடுத்து பல்பு வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு விரல் அகலத் துண்டில் அந்தப் பெண்ணும் அவள் கையில் கோலும்.

"எடுத்துக்கிட்டுப் போங்க டீச்சர். செஞ்சு முடிச்சா எனக்குக் காட்டணும்."

வீட்டு ஜன்னலில் அதை ஒட்டி, தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் ஐயாவிடம் இரவல் வாங்கிய பூதக்கண்ணாடியால் பார்த்தேன். பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வந்தது. அந்தக் கறுப்புப் பிடி, சைக்கிள் ஹேண்டிலில் மாட்டும் ரப்பர் உறை. சந்தேகமே இல்லை, அதே வரிகள், அதே விளிம்பு. படமெடுத்தவர்களும் கையில் அகப்பட்டதை ஒட்டித்தான் செய்திருக்கிறார்கள்! கொழும்புக் கடைக்கு எழுதிக் கேட்ட சாமான், நுவரெலியா சைக்கிள் கடையில் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதுவரை கேலி செய்துகொண்டிருந்த கணவர் அந்தத் துண்டைப் பார்த்த பிறகுதான் உதவ வந்தார். தொழிற்சாலையில் கழித்துப் போட்ட அலுமினியக் குழாய் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, என் விரல்களின் அளவை வைத்து அறுத்துத் தந்தார். பச்சை லெமனேட் போத்தலின் அடியை உடைத்து வட்டமாகத் தேய்த்ததும் அவர்தான். இடது பக்கம் சுவிட்சுக்குத் துளை வெட்டி முடித்த அன்று, பூதக்கண்ணாடியோடு ஜன்னல் பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"டீச்சர், இங்க வாங்க. அந்தக் கப்பல் செவத்துல எழுதியிருக்கே, அது இங்கிலீசுதானா?"

பார்த்தேன். எழுத்துகள் எல்லாம் கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பி இருந்தன. துண்டை நான் பின்பக்கமாக ஒட்டியிருந்தேன். சுவிட்ச் வலது பக்கம் வரவேண்டும். இங்கிலீசு படிப்பிப்பவள் நான். அதைக் கண்டுபிடித்தவர் அவர். ஒரு வாரம் அதைச் சொல்லிக் காட்டினார். பிறகு புதுக் குழாய் தேடினார்.

கோல் முடிந்தபோது எண்பதுகளின் நடுப்பகுதி வந்துவிட்டது. போர் தொடங்கி, தெருக்களில் இராணுவம் சோதனைச் சாவடி போட்டிருந்த காலம். ஒப்பரேட்டருக்குக் காட்டவென்று ஒரு சனிக்கிழமை ஹட்டன் பஸ்ஸில் ஏறினேன். தலவாக்கலைக்கு முன்னால் பஸ்ஸை மறித்துப் பைகளைச் சோதித்தார்கள். என் பையைத் திறந்த சிப்பாய்ப் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. குழாயும் உள்ளே போகும் வயரும் அவன் கண்ணில் பட்டதும் இரண்டடி பின்னால் போய்த் துப்பாக்கியை உயர்த்தினான்.

"அது விளக்கு, மகன். சினிமாவில் வருகிற விளக்கு" என்று சிங்களத்தில் சொன்னேன்.

"திற."

திறக்க முடியாது. உறுதியாக இருக்கட்டும் என்று எல்லா இணைப்புகளையும் பசை போட்டு ஒட்டியிருந்தோம். அதையும் சொன்னேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் இறங்கித் தள்ளி நின்றார்கள். அவன் அதிகாரியைக் கூப்பிட்டான். அதிகாரி தூரத்தில் நின்றபடியே, "அப்படியென்றால் நீயே உடை" என்றார்.

பக்கத்தில் இருந்த பாலத்தின் கைப்பிடிச் சுவரில் வைத்து ஒரு கல்லால் அடித்தேன். மூன்றாவது அடியில் கண்ணாடி சிதறியது. அடுத்ததில் பேட்டரி இரண்டும் உருண்டு ஓடின. அதைப் பார்த்ததும் அந்தப் பையன் பெருமூச்சு விட்டான். அவனும் பயந்துதான் இருந்திருக்கிறான். துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினேன்.

துண்டுகளைப் பார்த்ததும் கணவர் முகம் கறுத்துவிட்டது.

"போதும்மா. வெளையாட்டுச் சாமானுக்கு உசுரக் குடுக்க ஏலுமா?"

"ஒட்டினதுதாங்க தப்பு. தொறக்கிற மாதிரி செய்யணும்."

"நான் தொடமாட்டேன்."

சொன்னபடியே தொடவில்லை. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் எனக்கு விட மனமில்லை. பாடசாலை விட்டு வந்ததும் அவருடைய ஸ்பானர், அரம் இருந்த ஆயுதப் பெட்டியைத் திறந்து, நசுங்கிய குழாயை நிமிர்த்தினேன். போத்தல் கண்ணாடியை நானே தேய்த்தேன். இரண்டு முறை விரலை அறுத்துக்கொண்டேன். குழாயில் திருகிப் பூட்டுவதற்கான மறை வெட்டுவதுதான் வரவில்லை. கோணலாகவே ஏறியது. மூன்றாவது குழாயையும் நான் கெடுத்த அன்று அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்ணெ போடாம வெட்டுனா அப்புடித்தான் கடிக்கும். இங்க கொண்டாங்க."

இரண்டே நாளில் முடித்துத் தந்தார். பிடி, உடம்பு, நுனி மூன்றும் தனித்தனியாகக் கழன்றன. கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டும் வரை பழகினேன். அடுத்த பயணத்தில் அவரும் கூட வந்தார். சோதனைச் சாவடியில் நின்றவர் வேறொருவர். அவர் கேட்கும் முன்பே பையை விரித்து, கோலை மூன்றாகக் கழற்றி, பேட்டரியை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார், தானே பூட்டினார், சுவிட்சை அமுக்கினார். பச்சை வெளிச்சம் அவர் மூக்கில் விழுந்தது. இன்னொரு முறை அமுக்கிப் பார்த்துவிட்டுத் தந்தார்.

தியேட்டர் மாடியில் ஒப்பரேட்டர் அதைத் துணியால் துடைத்துக் கையில் எடுத்தார். எங்கள் இருவரையும் ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, அறை விளக்கை அணைத்தார். படத்தில் வருவது போலவே புரொஜெக்டர் வெளிச்சம் போகும் சின்ன ஓட்டையில் நுனியை வைத்து, காலியாகக் கிடந்த தியேட்டரைப் பார்த்து விட்டு விட்டு அமுக்கினார். கீழே திரையில் மங்கலாக ஒரு பச்சைப் புள்ளி வந்து வந்து போனது. நாங்கள் மூவரும் தலையை ஒட்டிவைத்து அதைப் பார்த்தோம்.

"அச்சு அசல்தான் டீச்சர்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்தார். "ஆனா ஒன்னு. படத்துல இத அமுக்கும்போது 'உம்'னு ஒரு சத்தம் வருமே. வண்டு சத்தம் மாதிரி."

வரும். எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. பிலிம் துண்டில் சத்தத்தைப் பார்க்க முடியாதே.

பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கும் வழியில் கணவரிடம் மெதுவாக, "ஏங்க, 'உம்'னு சத்தம் போடுற சின்ன பஸர் ஒன்னு எங்க எடுக்கலாம்?" என்று கேட்டேன்.

அவர் நின்று, வானத்தைப் பார்த்து, "அதுக்கு இன்னும் ஒரு பேட்டரி வேணும். குழாய நீட்டணும்" என்றார்.