நான்காவது நட்டு

“நட்டுக்குக் காது கிடையாதும்மா. நீ சொன்னா அது கழண்டு வராது.”

எங்கள் சூப்பர்வைசர் இதை வங்காளத்தில் சொன்னார். முப்பது பேர் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அறையில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். சிலர் சிரித்தார்கள். அப்போது என் அழைப்பில் இருந்தவர் பாதி வழியில் டயர் பஞ்சராகி நின்றவர். சூப்பர்வைசர் சொன்னது அவருக்கும் கேட்டிருக்கும்.

வங்காளத் தலைநகரை ஒட்டிய நியூ டவுனில் பதினோராவது மாடியில் அந்த அலுவலகம். கார் வழியில் நின்றுபோனால் எங்களைக் கூப்பிடுவார்கள். அருகில் இருக்கும் மெக்கானிக்கை அனுப்புவோம். அவர் போய்ச் சேரும்வரை அழைத்தவர் கோபப்படாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை. சிலர் தாங்களே டயரை மாற்றப் பார்ப்பார்கள். ஜாக்கியை எங்கே வைப்பது, எந்த நட்டை முதலில் தளர்த்துவது என்று நான் சொல்லச் சொல்லச் செய்வார்கள். மூன்று வருடம் இப்படிப் பேசினேன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள் நான். கையில் ஸ்பேனர் இல்லாமல் வாயால் நட்டுக் கழற்றுவதற்கு அவ்வளவு படிப்பு தேவையில்லை. அதனால் வெளிவேலைக்கு, மெக்கானிக்காக, மாற்றிவிடச் சொல்லிக் கேட்டேன். அதற்குத்தான் மேலே சொன்ன பதில் வந்தது.

எனக்குத் திமிர் என்று சொல்கிறவர்கள் உண்டு. இல்லை என்று நான் வாதாடுவதில்லை. என் அப்பா கிதிர்ப்பூர் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர். அம்மா டாக்குரியாவில் மூன்று தமிழ் அதிகாரிகள் வீட்டில் சமைக்கிறாள். இருவரும் ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து கல்யாணமான வருடமே இங்கே வந்துவிட்டவர்கள். இருவரும் பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. எட்டு வயதிலிருந்து எங்கள் வீட்டில் எழுத்து உள்ள காகிதம் எது வந்தாலும் அது என் கைக்குத்தான் வரும். கரண்ட் பில், மருந்துச் சீட்டு, வீட்டுக்காரர் ஒட்டிவிட்டுப் போன நோட்டீஸ், எல்லாம். நான் படித்துச் சொல்லும்வரை பெரியவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்படி வளர்ந்தவளுக்குக் கொஞ்சம் திமிர் இருக்கத்தான் செய்யும்.

இந்த ஊரின் பெரிய பண்டிகையான பூஜை நெருங்கும் நேரத்தில் இரண்டு மெக்கானிக்குகள் வேலையை விட்டுப் போனார்கள். வேறு வழியில்லாமல் சூப்பர்வைசர் இறங்கி வந்தார். ஒரே ஒரு வேலை தருவார். ஆரம்பத்திலிருந்து முடிவுவரை என் கையால் நடக்க வேண்டும். கார்க்காரர் ஒரு தாளில் தன் கைப்பட நாலு வரி எழுதித் தர வேண்டும். அதைப் பார்த்துவிட்டு, காலியான இரண்டு இடங்களில் ஒன்றை எனக்குத் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்வார். கூட ஒரு மூத்த மெக்கானிக் வருவார். அவர் வேடிக்கை மட்டும்தான் பார்ப்பார். ஐம்பது வயதுக்காரர், எல்லோருக்கும் தாதா, அதாவது வங்காளத்தில் அண்ணன். மரியாதைக்குரியவர்தான். வண்டியில் போகும்போது, பயப்படாதே மா, டயர் மாற்றுவது சின்ன வேலை என்று வங்காளத்தில் சொல்லிக்கொண்டே வந்தார்.

கார் நியூ டவுனிலேயே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளப் பார்க்கிங்கில் நின்றது. மழைக்காலம் முழுவதும் அங்கே கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றிருக்கிறது. சுவரில் அதன் கோடு தெரிந்தது. முன்பக்க இடது டயர் தரையோடு படுத்திருந்தது. காரின் சொந்தக்காரர் ஓர் அரசு நிறுவன அதிகாரியின் மனைவி. மகன் விமானத்தில் வந்துகொண்டிருக்கிறான், ஒரு மணி நேரத்தில் கிளம்ப வேண்டும் என்று தாதாவிடம் இந்தியில் சொன்னார். என்னைப் பார்த்ததும் பெயர்ப்பட்டையைப் படித்தார்.

“நீங்க தமிழா? பேரைப் பாத்தாலே தெரியுதே. எந்த ஊரு?”

சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. இந்த ஊரில் தமிழ் கேட்டால் தமிழர் எல்லோருக்கும் அப்படித்தான். அப்பா எதில் இருக்கிறார் என்றார். மறைக்க எனக்கு எதுவும் இல்லை. அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறார், அம்மா டாக்குரியாவில் வீட்டுச் சமையல் செய்கிறாள் என்று சொன்னேன்.

“ஓ” என்றார். கொஞ்சம் நிறுத்தி, “சரி, நீ பாத்து நில்லும்மா, தரை வழுக்கும்” என்றார்.

சக்கரத்தின் நான்கு நட்டுகளும் பளபளவென்று வெள்ளி நிறத்தில் இருந்தன. காரணம் கேட்டதும் பெருமையாகச் சொன்னார். விஸ்வகர்மா பூஜைக்குப் பம்ப் அறையைப் பராமரிப்பவர்கள் பம்புக்கும் குழாய்களுக்கும் வெள்ளிப் பெயிண்ட் அடித்தார்களாம். மீதி இருந்ததை வீணாக்க வேண்டாம் என்று இவர் தன் கார் நட்டுகளுக்கும் அடிக்கச் சொன்னாராம். நம் ஆயுத பூஜைக்கும் அதுவே ஆயிற்று, தனியாகச் செய்ய வேண்டியதில்லையே என்றார். போன வருடம் அடித்தது, அதற்கு முந்தின வருடமும் அடித்தது. இரண்டு பூச்சு. பெயிண்டுக்கு அடியில் துரு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

முதல் மூன்று நட்டுகளும் ஸ்பேனரில் ஏறி நின்று அழுத்தியதும் தளர்ந்தன. நான்காவது அசையவில்லை. இந்த இடத்தில் நான் செய்த தப்பையும் எழுதிவிட வேண்டும். பெயிண்ட் திட்டுத்திட்டாகப் படிந்த நட்டில் ஸ்பேனர் முழுதாக உட்காராது. அதைச் சுரண்டிவிட்டுத்தான் பிடித்திருக்க வேண்டும். போனில் நூறு பேருக்காவது இதைச் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், தாதா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார், நான் மூன்றைத் தளர்த்திய வேகத்தில் இருந்தேன். அப்படியே ஏறி மிதித்தேன். ஸ்பேனர் வழுக்கியது. நட்டின் ஒரு முனை மழுங்கியது. என் விரல் முட்டிகள் தரையில் உரசித் தோல் உரிந்தது.

“ஐயையோ” என்ற அந்த அம்மாள் உடனே தாதாவைப் பார்த்து, நீங்களே செய்யுங்கள் என்று இந்தியில் சொன்னார். பிறகு என்னிடம், “அவரு அனுபவசாலி. ஆம்பள. நீ ஏம்மா கையக் கிழிச்சுக்கற? தள்ளி நில்லு” என்றார். தாதாவுக்குத் தமிழ் தெரியாது என்பதால் அதைத் தமிழில் சொன்னார். எனக்கு மட்டும் புரிய வேண்டிய அக்கறையாம்.

நான் தள்ளி நிற்கவில்லை. பதினைந்து நிமிடம் கொடுங்கள் மேடம் என்றேன். தாதா தோளைக் குலுக்கிக்கொண்டார். உட்கார்ந்து, பழைய ஸ்க்ரூடிரைவரால் நட்டின் ஆறு பக்கத்திலும் பெயிண்டைச் சுரண்டினேன். போல்ட்டின் மரை வெளியே தெரியும் இடத்தைக் கம்பி பிரஷால் தேய்த்தேன். வெள்ளி உதிர்ந்து அடியிலிருந்து செங்கல் நிறத்தில் தூள் கொட்டியது. துருவைத் தளர்த்தும் எண்ணெயை அடித்துவிட்டு, நட்டின் தலையில் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தேன். அதிர்வில் எண்ணெய் உள்ளே இறங்க வேண்டும். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு நான் ஒன்றும் செய்யாமல் விளையாடுவதாகத்தான் தோன்றியிருக்கும். அந்த அம்மாளின் போன் அடித்தது. மகன் இறங்கிவிட்டான். அவர் தூணுக்கு அந்தப் பக்கம் போய், வந்துகொண்டே இருக்கிறேன் கண்ணா என்று பேச ஆரம்பித்தார்.

ஸ்பேனரை மாட்டினேன். இந்த முறை அடிவரை உட்கார்ந்தது. அதன் பிடியில் நீளமான பைப்பைச் செருகினேன். கழற்றும் பக்கம் திருப்பாமல் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை அழுத்தினேன். அப்படிச் செய்தால் துருவின் பிடி விடும். பிறகு மறுபக்கம் திருப்பி, முழு எடையையும் பைப்பின் நுனியில் கொடுத்தேன்.

டக்.

விரலைச் சொடுக்கும் அளவு சத்தம். அவ்வளவுதான். நட்டு கால் சுற்று நகர்ந்திருந்தது. தாதா குனிந்து பார்த்து, பேஷ் என்றார். என் கையில் எண்ணெயும் ரத்தமும் சேர்ந்து ஸ்பேனர் வழுக்கியது. எழுந்து துணி எடுக்கத் திரும்பினேன். நான் திரும்பிய அந்த நேரத்தில் தாதா பழக்கத்தில் ஸ்பேனரைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றினார். துருவேறிய மரையில் நட்டு கிறீச்சிட்டது. அடித்தளம் முழுவதும் எதிரொலித்தது. தூணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்த அம்மாள் ஓடிவந்து பார்த்தபோது ஸ்பேனர் தாதா கையில் இருந்தது, துணி என் கையில் இருந்தது.

“வந்துடுச்சா! நான்தான் அப்பவே சொன்னேனே.”

“நான்தான் மேடம் லூஸ் பண்ணேன். அவரு சும்மா சுத்துனாரு.”

“சேர்ந்துதானேம்மா பண்ணீங்க. நீ பண்ணலைன்னு நான் சொல்லலையே.”

தாதாவைப் பார்த்தேன். என்ன பேசிக்கொள்கிறோம் என்று அவருக்குப் புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். என் முகத்தையும் அந்த அம்மாள் முகத்தையும் பார்த்தால் யாருக்கும் புரியும். தாதா சிரித்தார். சிரித்துவிட்டு ஸ்பேனரை என்னிடம் நீட்டினார். ஜாக்கியை வைத்து, சக்கரத்தைக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டி, நான்கு நட்டுகளையும் இறுக்கியது நான். அதற்குள் அந்த அம்மாள் மறுபடியும் போனில் இருந்தார்.

தாளில் அழகான கையெழுத்தில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். நான் பார்க்கும்படி, ஒரு பரிசைத் தருவதுபோல் கொடுத்தார். அனுபவமுள்ள மெக்கானிக் மிகக் கடினமான நட்டைத் திறமையாகக் கழற்றினார். உடன் வந்த உதவியாளர் பெண் மிகவும் பணிவாக நடந்துகொண்டார். இதுதான் அதில் இருந்தது.

திரும்பும்போது, ஏன் சொல்லவில்லை தாதா என்று கேட்டேன். சொல்லி என்ன ஆகப்போகிறது, வேலை முடிந்ததே, அவர்களுக்கு அது போதும் என்றார். அலுவலகத்தில் சூப்பர்வைசர் நேராகவே அவரிடம் கேட்டார், கழற்றியது யார் என்று. “ரெண்டு பேரும் சேர்ந்துதான்” என்றார். கழற்றியது நான் என்று நானும் சொன்னேன். சூப்பர்வைசர் என்னை நிமிர்ந்து பார்க்காமல் தாளை இரண்டு முறை படித்தார். இவ்வளவு பணிவான ஆளை டெஸ்கிலிருந்து எப்படி விடுவது, பூஜைக்கு அப்புறம் பார்க்கலாம் என்றார். அதே வாரத்தில் காலியான இரண்டு இடத்துக்கும் வெளியிலிருந்து இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

அந்தத் தாளை என் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். எதற்கு என்று தெரியவில்லை, ஒருவேளை கோபம் ஆறிவிடக் கூடாது என்பதற்காக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

“என்னத்தா எழுதியிருக்கு? படி.”

மாற்றிச் சொல்லியிருக்கலாம். நான் எதைப் படித்தாலும் நம்புகிறவள் அவள். ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு காகிதத்தையும் அவளுக்கு மாற்றிப் படித்ததில்லை. உள்ளதை உள்ளபடி தமிழில் சொன்னேன்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. “நல்லாத்தானே எழுதியிருக்காக.”

“அம்மா, அந்த நட்டைக் கழட்டுனது நான்.”

“கழட்டுனா என்ன, பேரு நல்லபடியா வந்துச்சுல்ல? பணிவான பொண்ணுன்னு எழுதிக் குடுக்க யாருக்கு மனசு வரும்? இருபத்திரண்டு வருசமா ஆக்கிப் போடுறேன், எனக்கு ஒருத்தரும் எழுதிக் குடுத்ததில்ல.”

அந்த அம்மாள் எழுதியதைவிட இது அதிகமாக வலித்தது. இருபத்திரண்டு வருடம் மற்றவர்கள் வீட்டு அடுப்படியில் நின்றவளுக்குக் கிடைத்த ஒரே மூலதனம் பணிவுதான். அதை வைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். அது எனக்குத் தெரியும். தெரிந்ததால் கசப்பு குறைந்துவிடவில்லை. மறுநாள் அந்தப் படத்தை அச்செடுத்துக் கொண்டுவரச் சொன்னாள். என் டிப்ளமாவை வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள், டிப்ளமாவின் முன்னால் அதை வைத்தாள். பின்னால் வை என்றேன். முன்னால் இருந்தால்தான் பார்க்கிறவர்கள் பார்ப்பார்கள் என்றாள்.

பூஜை முடியும்வரை நான் காத்திருக்கவில்லை. ராஜினாமாக் கடிதத்தில் இரண்டே வரி எழுதினேன். காரணம் எழுதவில்லை. எழுதினால் அதையும் பணிவாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள் என்று பயமாக இருந்தது. ஹெட்செட்டைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டு வந்தேன். டாக்குரியா ரயில் நிலையத்துக்குப் பின்னால், நாலு கார் நிற்கும் அளவில் ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கிறது. அதன் முதலாளி என் படிப்பைக் கேட்டார், பிறகு எப்போது வர முடியும் என்று கேட்டார். திங்கட்கிழமையிலிருந்து அங்கே வேலை செய்கிறேன். கார்களைத் தெருவிலேயே நிறுத்தி வேலை பார்க்கிற இடம். அம்மா தினமும் சமையலுக்குப் போகும் தெரு அது. அவள் இன்னும் என்னைப் பார்க்கவில்லை, நானும் சொல்லவில்லை. என்றாவது அவள் கண்ணில் படுவேன் என்று தெரிந்துதான் அங்கே சேர்ந்தேன்.