குடும்பக் குரூப்பில் போட்ட படகுக் கணக்கு

அது தீபாவளிக்குப் பிறகு நடந்தது என்று அம்மா இன்றும் சாதிப்பாள். இல்லை. துலாமாத மழை, அதாவது ஐப்பசி மழை, பிடித்துக்கொண்ட முதல் வாரத்தின் வெள்ளிக்கிழமை அது. கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்த வருடம். நான் பத்தாம் வகுப்பு. எங்கள் குடும்பக் குரூப்பில் பழையவற்றை யாரும் அழிப்பதில்லை என்பதால் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். பார்த்துச் சொன்னாலும் அம்மா நம்பப்போவதில்லை.

கணக்கு டீச்சர் காலையில் ஆன்லைனில் பாடம் எடுத்துவிட்டு மதியம் ஒரு கணக்கு அனுப்புவார். மாலை ஆறு மணிக்குள் அதைச் செய்து, படம் பிடித்து அனுப்பாதவர்கள் அன்றைக்கு வகுப்புக்கே வராதவர்கள் என்பது அவருடைய சட்டம். அன்று வந்தது படகுக் கணக்கு. நிலைத்த நீரில் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் போகும் படகு. பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தை, ஓட்டத்தோடு போவதைவிட எதிர்த்துப் போக ஒரு மணி நேரம் கூடுதலாக எடுக்கிறது. நீரோட்டத்தின் வேகம் என்ன? நான் அதை மூன்று மணியிலிருந்து முறைத்துக்கொண்டிருந்தேன். அப்பா மிளகு மண்டியிலிருந்து சீக்கிரமே வந்து சாயா குடித்துக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமல், “குரூப்ல போடு. படிச்சவங்க இத்தனை பேர் இருக்காங்கல்ல” என்றார்.

படித்தவர்கள் இருந்தார்கள். காயலுக்கு இக்கரையில், பள்ளுருத்தியில் பெரியப்பா, துறைமுக அலுவலகத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கரையில், தேவராவில் சித்தப்பா, கப்பல்களுக்கு வரைபடம் போடுகிறவர். பாலக்காட்டில் அத்தை, குரூப்பை ஆரம்பித்தவள் அவள்தான். தாத்தா இறந்த நாளிலிருந்து பெரியப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்வதில்லை. அன்று பாலத்தில் வண்டிகள் அசையாமல் நின்றதால் சித்தப்பா காயலைக் கடக்கும் போட்டில் ஏறினார். எதிர்த்து வந்த தண்ணீரில் அது திணறித் திணறி இக்கரை மட்டாஞ்சேரிப் படகுத்துறையை அடைந்தபோது இருட்டிவிட்டது. அஸ்தமனத்துக்குள் முடிக்க வேண்டுமென்று பெரியப்பா அதற்குள் கொள்ளி வைத்திருந்தார். இருவருக்கும் நடுவில் பிறந்த அப்பா, இரண்டு வீடுகளுக்கும் போய் வந்து கால் தேய்ந்ததுதான் மிச்சம். அத்தையின் மனம் நோகக் கூடாது என்று இருவரும் குரூப்பில் மட்டும் இருந்தார்கள். ஒருவர் போட்டதை மற்றவர் பார்த்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார்.

கணக்கைப் போட்டேன். முதலில் அத்தை எழுதினாள்: என்ன போட்டு, எஞ்சின் வைத்ததா, சாப்பிட்டாயா. பிறகு பெரியப்பாவின் குரல் வந்தது. அவருக்குத் தட்டச்சு ஒத்துவராது. எதுவானாலும் பேசித்தான் அனுப்புவார். நீரோட்டத்தை எக்ஸ் என்று வைத்துக்கொள்ளச் சொல்லித் தொடங்கியவர், தன் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரின் பெருமையில் கொண்டுபோய் முடித்தார். எக்ஸ் நடுவில் எங்கேயோ இறங்கிக்கொண்டது. சித்தப்பா ஒரு படம் வரைந்து அனுப்பினார். அழகான படகு, நங்கூரம்கூட இருந்தது. சமன்பாடுதான் இல்லை.

எனக்கு அழுகை வந்தது. வழிமுறை வேண்டும், படி படியாக வேண்டும், ஆறு மணிக்குள் வேண்டும் என்று எழுதினேன். பெரியப்பா மறுபடியும் பேசினார்: “மோளே, ரெண்டு விடை வரும். மைனஸ் வர்றதைக் களைஞ்சிடு. ஆத்துக்கு ஏது மைனஸ்?” அந்த இரண்டு விடைகள் என்னென்ன என்று மட்டும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் சித்தப்பாவும் பேசி அனுப்ப ஆரம்பித்தார். “உன் பெரியப்பாகிட்ட சொல்லு மோளே, மைனஸுன்னா தண்ணி திரும்பி ஓடுதுன்னு அர்த்தம். கடல் ஏறி இறங்கற காயல்ல அது தினமும் நடக்கறதுதான்.”

உடனே பெரியப்பா: “உன் சித்தப்பாகிட்ட சொல்லு, இது புஸ்தகத்து ஆறு. காயல் இல்லை.”

இருவரும் பேசுவது இருவருக்கும் கேட்கிறது. நடுவில் நான் யாரிடம் என்ன சொல்வது? அப்பாவோ ஒவ்வொரு குரலையும் இரண்டு தடவை போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். சாயாவில் ஆடை படிந்துவிட்டது.

பிறகு சித்தப்பாவிடமிருந்து சின்னதாக ஒன்று வந்தது. அதில் என் பெயர் இல்லை. “அண்ணா, தண்ணி திரும்பினா போட்டு நேரத்துக்கு வந்து சேராது. அது உங்களுக்குத் தெரியும்தானே? அன்னிக்கும் தெரியும்தானே?”

எதற்கும் ஒரு பூப்படம் போடும் அத்தைகூட ஒன்றும் போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பெரியப்பா பேசிப் பதிவு செய்துகொண்டிருக்கிறார் என்று காட்டும் வரி மேலே தோன்றியது. அது நின்றது, மறுபடி வந்தது, போகாமல் அப்படியே இருந்தது. அப்பா கைபேசியை முகத்துக்கு அருகே கொண்டுபோனார்.

அதே சமயத்தில் என் வகுப்புத் தோழி ஒருத்தி, செய்து முடித்த கணக்கைத் தனியே எனக்கு அனுப்பினாள். இரண்டு விடைகள்: மூன்று, மைனஸ் இருபத்தேழு. மைனஸைக் களைந்துவிட்டால் மூன்று கிலோமீட்டர். மூச்சு விடாமல் எழுதி, படம் பிடித்து டீச்சருக்கு அனுப்பினேன். பெரியவர்களைக் காக்க வைக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பெண் நான். ஆகவே குரூப்பிலும் எழுதினேன்: “விடை கிடைச்சாச்சு. மூணு கிலோமீட்டர். எல்லாருக்கும் தாங்க்ஸ்.” கும்பிடும் கைகளையும் சேர்த்தேன்.

பெரியப்பாவின் வரி மறைந்தது. பிறகு வரவேயில்லை. அத்தை கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். “நீ எதுக்கு அதுக்குள்ள போட்டே?”

“விடைதான் கிடைச்சிடுச்சேப்பா.”

அவர் ஆறிய சாயாவைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் மாலை வந்து, இன்றைக்குக் கணக்கு ஒன்றும் இல்லையா என்று கேட்டார். சனிக்கிழமை, இல்லை என்றேன். ஞாயிற்றுக்கிழமையும் கேட்டார். என் வீட்டுப்பாடத்தை அதுவரை எட்டிப் பார்த்திராத மனிதர் திங்களன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இயற்பியலிலாவது கஷ்டமாக ஏதாவது இருக்கிறதா என்றார். ஒன்று இருந்தது, எனக்கே வருகிறது என்று பெருமையாகச் சொன்னேன்.

“வந்தாலும் குரூப்ல ஒண்ணு போடேன்” என்றார் அப்பா.

எனக்கு எரிச்சலாக வந்தது. பிள்ளை தானாகவே கணக்குப் போட்டால் மற்ற வீடுகளில் அப்பாக்கள் சந்தோஷப்படுவார்கள். என் அப்பா மட்டும் கணக்கு எனக்கு வராமல் போகட்டும் என்று கெஞ்சுவது போல நின்றார். நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய், யாரையும் கேட்காமல், அந்தக் கணக்கை முழுவதும் நானே போட்டு முடித்தேன்.