கிரீன் கார்டைத் திருப்பிக் கொடுத்த நர்சம்மா

செவிலிமேட்டில் சைதுன் வீடு எது என்று கேட்டால் நாலு பேராவது யோசிப்பார்கள். நர்சம்மா வீடு என்றால் போதும், டவுன் பஸ் கண்டக்டரே சரியான முனையில் இறக்கிவிடுவார். காஞ்சிபுரம் அரசு ஆஸ்பத்திரியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். சர்க்கரைக்காரர்களின் ஆறாத கால் புண், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் முதுகுப் புண் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கு என்ன இருந்தாலும், காலையில் பஞ்சும் மருந்தும் அடைத்த பையோடு கிளம்பிவிடுவார். ஓய்வு பெற்றும் ஏன் இப்படி அலைகிறீர்கள் என்று யாராவது கேட்டால், "வூட்டுல சும்மா உக்காந்துக்கினு இருந்தா எனக்கே புண்ணு வந்துடும்பா" என்பார்.

அவர் கணவர் அஹமது பாஷா ஒலிமுகமதுபேட்டையில் சைக்கிள் கடை வைத்திருந்தார். அறுபது வயதில் அதை அண்ணன் மகன் உஸ்மானிடம் ஒப்படைத்தார். ஒப்படைத்தார் என்றுதான் பேர். தினமும் கடைக்குப் போய், உஸ்மான் எதை எங்கே மாட்ட வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே அவன் பாதி வேலையைக் கெடுப்பார்.

ஒரே மகள் அம்பரீன். கம்ப்யூட்டர் படித்தவள். கல்யாணமாகி அமெரிக்காவுக்குப் போய் நியூஜெர்சியில் வீடு வாங்கி, அந்த நாட்டுக் குடியுரிமையும் பெற்றுவிட்டாள். குடியுரிமை உள்ள பிள்ளை பெற்றோருக்காகக் கிரீன் கார்டு கேட்கலாம். அம்பரீன் ஒரு மாதம்கூடத் தாமதிக்காமல் கேட்டாள். ரொம்ப நாள் காத்திருந்து, மருத்துவப் பரிசோதனையும் நேர்காணலும் முடிந்து, இருவருக்கும் கிடைத்தது. பாஷா தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். டீக்கடையில் அவருக்குத் தனி நாற்காலி விழுந்தது. "அமெரிக்கா பாஷா" என்று யாரோ கிண்டலாகக் கூப்பிட, அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

நர்சம்மா அங்கே போய் ஒரு வாரம் தாங்கமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நடந்தது நேர்மாறு. அம்பரீன் வீட்டுக்குப் பக்கத்தில் ஊர்ப் பொது நீச்சல் குளம் இருந்தது. வாரத்தில் இரண்டு காலைகள் பெண்களுக்கு மட்டும். சைதுன் இத்தனை வருஷம் பாலாற்றங்கரையில் குடியிருந்தும் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றதில்லை. ஆற்றில் தண்ணீர் இருந்தால்தானே! அறுபத்திரண்டு வயதில், உடம்பை முழுக்க மூடிய நீச்சல் உடையோடு, மொழி தெரியாத பெண்களின் கைகளைப் பிடித்துக்கொண்டு அவர் மிதக்கக் கற்றுக்கொண்டார். முதல்முறை கால் தரையை விட்டபோது "யா அல்லாஹ்" என்று அவர் போட்ட சத்தத்தில் குளமே திரும்பிப் பார்த்ததாம். பாஷாவுக்கோ பள்ளிவாசலில் ஹைதராபாத்காரர் இரண்டு பேர் சிநேகமானார்கள். அவர்களோடு டீயும் அரசியலுமாகப் பொழுது போயிற்று.

ஆனால் குளிர் தொடங்கியதும் இருவருக்கும் ஊர் ஞாபகம் வந்துவிடும். பாஷாவுக்கு ரமலான் நோன்பு காஞ்சிபுரத்தில்தான் பிடிக்க வேண்டும். பள்ளிவாசல் கஞ்சி இல்லாமல் நோன்பு திறந்தால் திறந்த மாதிரியே இல்லை என்பார். சைதுனுக்கு அவருடைய நோயாளிகள். முக்கியமாக எதிர்வீட்டுக் கங்கையம்மாள். தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைத்தவர், சர்க்கரையில் ஒரு கால்விரலை இழந்தவர். அவர் மகன் ஒரகடம் கம்பெனிக்கு விடியுமுன் போய்விடுவான். சைதுன் இல்லாத மாதங்களில் அந்தப் புண்ணை யாரும் ஒழுங்காகக் கவனிப்பதில்லை. இவர் வந்து பார்த்தால், ஆறிக்கொண்டிருந்தது மறுபடி வாய் பிளந்திருக்கும். அதை ஆற்றி முடிக்காமல் பெட்டி கட்ட அவருக்கு மனம் வராது. இப்படி ரமலான் முடிந்து கிளம்ப வேண்டியவர்கள் ஒரு வருஷம் ஆடி வரைக்கும் இருந்துவிட்டார்கள். அடுத்த வருஷம் பாஷாவுக்குக் கண் புரை ஆபரேஷன். அப்போதும் அதே கதை.

அந்த இரண்டாவது நீண்ட தாமதத்துக்குப் பிறகுதான் அமெரிக்க விமான நிலையத்தில் அது நடந்தது.

கிளம்புமுன்பே அம்பரீன் போனில் அம்மாவுக்குப் பாடம் எடுத்திருந்தாள். "அம்மி, எங்க குடியிருக்கீங்கன்னு கேட்டா நியூஜெர்சின்னு சொல்லணும். ஊருக்குச் சும்மா போய்ட்டு வர்றோம்னு சொல்லணும். வேற எதுவும் பேசாதே, புரியுதா?"

புரிந்தது. விமானத்தில் பாஷாவும் இரண்டு தடவை நினைவுபடுத்தினார். ஆனால் கண்ணாடிக்கு அந்தப்புறம் உட்கார்ந்திருந்த இளம்பெண் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, உங்கள் வீடு எங்கே என்று கேட்டதும், சைதுன் வாயில் முதலில் வந்தது "காஞ்சிபுரம்" தான். சொன்ன பிறகுதான் பக்கத்தில் பாஷாவின் முகம் வெளிறியதைப் பார்த்தார்.

இருவரையும் ஓர் அறைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தார்கள். யாரும் அதட்டவில்லை. அந்தப் பெண் மெதுவாகத்தான் பேசினாள். இந்தக் கார்டு இங்கே வாழ்கிறவர்களுக்கானது, வருஷத்தில் பாதிக்கு மேல் வெளியே இருந்தால் நீங்கள் இங்கே வாழ்கிறீர்கள் என்று நாங்கள் எப்படி நம்புவது, மகளைப் பார்த்துவிட்டுப் போகத்தான் வருகிறீர்கள் என்றால் அதற்கு வருகையாளர் விசா இருக்கிறது என்றாள். இந்தத் தடவை விடுகிறேன், எது வேண்டுமென்று தீர்மானித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்பரீன் வெடித்தாள். "ஒரு வார்த்தை மாத்திச் சொல்ல முடியலையா அம்மி உன்னால? எத்தனை பேர் இந்தக் கார்டுக்காகக் காத்துக்கினு இருக்காங்க தெரியுமா?"

"கேட்டாங்க, சொன்னேன். இல்லாததையா சொன்னேன்?"

"அப்போ இது உன் வீடு இல்லையா?"

அவள் கேட்டது விசா விஷயம் இல்லை என்று சைதுனுக்குத் தெரியும். எழுந்து போய் மகளின் தலையைத் தடவினார். அவள் அந்தக் கையைத் தள்ளிவிடவில்லை.

மறுவாரம் அம்பரீன் ஒரு வக்கீலைப் பிடித்தாள். வீடியோவில் நாலு பேருமாக உட்கார்ந்தார்கள். அவர் பொறுமையாக விளக்கினார். கார்டை வைத்துக்கொள்ள வேண்டுமானால் வருஷத்தின் பெரும்பகுதி இங்கேயே இருங்கள். ஏதாவது ஒரு காரியத்துக்காக நெடுநாள் ஊரில் தங்க வேண்டியிருந்தால், கிளம்புமுன் மறுநுழைவு அனுமதி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அது எப்போதாவது ஒருமுறைக்குத்தான், வருஷா வருஷம் உதவாது. இல்லையென்றால் சில வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இங்கேயே இருந்து குடியுரிமை வாங்குங்கள். அப்போது இந்தியக் குடியுரிமை போய்விடும். அதற்குப் பதிலாக வெளிநாடுவாழ் இந்தியர் அட்டை வாங்கினால் காஞ்சிபுரத்தில் எத்தனை காலம் வேண்டுமானாலும் இருக்கலாம், இரண்டு பக்கமும் தடையில்லாமல் போய்வரலாம்.

"அதான் சரி" என்றாள் அம்பரீன்.

"நான் இந்தக் கார்டைத் திருப்பிக் கொடுத்துட்டா?" என்று சைதுன் கேட்டார்.

வக்கீல், கொடுக்கலாம், கொடுத்துவிட்டு வருகையாளர் விசா கேட்கலாம், பொதுவாக ஒரு வரவுக்கு ஆறு மாதம் வரை தங்க விடுவார்கள், அதையும் முழுசாக இழுக்காமல் நாலைந்து மாதத்தில் கிளம்பினால் நல்லது என்றார். ஆனால் விசா கிடைக்கும் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது, மறுத்துவிட்டால் இரண்டும் இல்லை என்றும் சொன்னார்.

கார்த்திகையில் ஊருக்குத் திரும்பினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு என்று வக்கீல் சொன்னது சைதுன் மனதைவிட்டுப் போகவில்லை. பிடித்த இடத்தில் எதற்குப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும்? அவருக்கு அந்த ஊரும் பிடித்திருந்தது, இந்த ஊரும் பிடித்திருந்தது. ஒன்றுக்காக இன்னொன்றின்மேல் வெறுப்பு வந்துவிடக் கூடாது என்று நினைத்தார். ஒரு காலையில் நாஷ்டா முடிந்ததும் கணவரிடம் சொன்னார்.

பாஷா தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். கடைக்குப் போனவர் மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. சாயங்காலம் உஸ்மான் வந்துவிட்டான். "என்னா சாச்சி இது? ஜனங்க தவம் கெடக்குது அதுக்கு. ஊரே சிரிக்கும். சாச்சா டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியுமா?"

"சிரிக்கட்டும் பேட்டா. சிரிச்சா உடம்புக்கு நல்லது."

கங்கையம்மாள் மட்டும் வேறு மாதிரி பேசினார். காலை நீட்டிக்கொண்டு, கட்டுப் போடும்போதே சொன்னார்: "அறுந்த இழைய பெணைச்சிக்கலாம் நர்சம்மா. சிக்கு வுழுந்துட்டா ஒக்காந்து பிரிக்கிறதுக்குள்ள உசுரு போவும்." சொல்லிவிட்டு அடுத்த மூச்சில், "மெதுவா சுத்தும்மா, எரியுது" என்று கத்தினார்.

பாஷா மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் தொழுதுவிட்டு வந்து அவராகவே எதிரில் உட்கார்ந்தார்.

"அந்த ரூம்ல உக்கார வெச்சாங்களே, அப்போ எனக்கு ஒண்ணுக்கு முட்டிக்கினு வந்துது. எழுந்து கேக்கவே பயமா இருந்துச்சி. எழுபது வயசுல ஸ்கூல் புள்ள மாதிரி அடக்கிக்கினு உக்காந்திருந்தேன்."

சைதுனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "சொல்லவே இல்லையே நீங்க?"

"என்னத்த சொல்றது. இன்னொரு வாட்டி அந்த ரூமுக்கு நான் வரமாட்டேன். குடுத்துடு. ரெண்டையும் குடுத்துடு."

பெரிய தபால் ஆபீஸில் இருவருமாகப் போய், கார்டுகளை உரிய படிவத்தோடு அமெரிக்கக் குடிநுழைவு ஆபீஸுக்கு அனுப்பினார்கள். வெளியே வந்ததும் பாஷா வயிறு பசிக்கிறது என்றார். பக்கத்து ஓட்டலில் இட்லி சாப்பிட்டார்கள். அம்பரீனுக்குப் போன் போட்டுச் சொன்னபோது அவள் அழுதாள். நாளைக்கு உங்களால் நடக்க முடியாமல் போனால் நான் எப்படி அழைத்து வைத்துக்கொள்வேன் என்பதுதான் அவள் பயம். அது நியாயமான பயம். சைதுன் அதை இல்லையென்று சொல்லவில்லை. "அப்போ நீ வா பேட்டி, எம் மவளே. நீ வர விசா தேவையில்லாத ஊரா பாத்துத்தான் நான் இருக்கேன்" என்றார். அம்பரீனிடம் வெளிநாடுவாழ் இந்தியர் அட்டை இருந்தது. அழுகையின் நடுவே அவள் சிரித்துவிட்டாள்.

விசா நேர்காணலுக்கு நாள் கிடைக்கப் பல மாதம் ஆயிற்று. அந்த மாதங்கள்தான் கஷ்டம். கொடுத்தது தப்போ என்று சைதுனுக்கே சில நாள் தோன்றியது. அமெரிக்கா பாஷாவை டீக்கடையில் "ரிட்டர்ன் பாஷா" என்று மாற்றிக் கூப்பிட்டார்கள். அவர் அதற்கும் பழகிக்கொண்டார்.

சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் அதிகாரி கேட்ட முதல் கேள்வியே, கிரீன் கார்டை ஏன் விட்டுவிட்டீர்கள் என்பதுதான். சைதுன் தனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி ஆங்கிலத்தில் சொன்னார். மகள் அங்கே, நோயாளிகள் இங்கே, இரண்டு பேரையும் பார்க்க வேண்டும், குடியிருப்பது இங்கேதான்.

"மகள் அங்கேயே இருந்துவிடு என்று சொன்னால்?"

"தினமும் சொல்கிறாள்" என்றார் சைதுன்.

அதிகாரி சிரித்துவிட்டு, பாஷாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். பாஷா, ரமலானுக்கு நான் ஊரில் இருக்க வேண்டும் என்றார். இருவருக்கும் விசா கிடைத்தது.

இப்போது ஏற்பாடு இதுதான். வெயில் உச்சிக்கு ஏறும்போது கிளம்புகிறார்கள். மழைக்காலம் ஊரை நனைக்கும்போது திரும்பிவிடுகிறார்கள். எத்தனை நாள் இருப்பீர்கள் என்று விமான நிலையத்தில் கேட்டால், திரும்பும் டிக்கெட்டைக் காட்டி உள்ளதைச் சொல்கிறார்கள். போகும்போது பயண மருத்துவக் காப்பீடு எடுத்துக்கொள்கிறார்கள், அம்பரீன் அதில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. இவர் இல்லாத மாதங்களில் கட்டுப் போட ரேவதி இருக்கிறார். அதே வார்டில் சைதுனோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேட்டதும் ஒப்புக்கொண்டார். "இத்தனை நாளா ஏன் கேக்கல?" என்றுதான் கோபித்தார். கங்கையம்மாளின் புண் இந்த வருஷம் முழுசாக மூடிவிட்டது. ரேவதியின் கை இன்னும் மெத்தென்று இருக்கிறது என்று கங்கையம்மாள் சொன்னபோது சைதுனுக்குச் சுருக்கென்றது என்னவோ உண்மைதான்.

போன தை மாதம் அம்பரீன் மூன்று வாரம் வந்து தங்கினாள். அவள் இருக்கும்போதுதான் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஸௌந்தரராஜனும் அவர் மனைவி அம்ருதவல்லியும் தேடிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் மகன் வைபவ் கனடாவில் இருக்கிறான். நர்சம்மாவுக்கு விசா விஷயம் எல்லாம் தெரியும் என்று ஊரில் பேச்சு.

"எனக்கு என் கதைதாம்மா தெரியும்" என்றார் சைதுன். "ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு சட்டம்."

அம்பரீன் போனில் தேடிப் பார்த்து, கனடாவில் பெற்றோருக்கென்றே சூப்பர் விசா என்று ஒன்று உண்டு, ஒரே வரவில் ஐந்து வருஷம் வரைகூடத் தங்கலாம், ஆனால் மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்றாள்.

"அஞ்சு வருஷமா?" ஸௌந்தரராஜன் அதிர்ந்துபோனார். "வைகாசி கருடசேவைக்கு நான் இங்க இருக்கணுமே."

"அதுக்குள்ள வரக்கூடாதுன்னு யாரு சொன்னா?" என்று அம்ருதவல்லி அதட்டினார். "சேவை முடிஞ்சு போனா மார்கழிக்கு முன்னாடி வந்துடலாம். எனக்குப் பேத்தியோட அஞ்சாறு மாசம். உங்களுக்குப் பெருமாளோட மிச்சம்."

பாஷா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "அங்க பஸ்ஸு, லைப்ரரி எல்லாம் எப்படின்னு நான் சொல்றேன் சாமி, இப்படி வாங்க" என்று ஸௌந்தரராஜனை அழைத்துக்கொண்டு போனார். கனடாவுக்கும் நியூஜெர்சிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. சைதுன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மூன்று பேருக்கும் டீ போடும்படி மகளிடம் சொல்லிவிட்டு, அடுத்த தெருவில் காத்திருக்கும் நோயாளியைப் பார்க்கக் கிளம்பினார்.