ஆவி பிடித்த கம்பளி

சந்தேகம் என் கூடப் பிறந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் தென்காசியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். நோயாளிக்கு உடம்பு மோசமானால் முதலில் பார்க்க வந்தவர்களைத்தான் முறைப்பேன். பத்தியம் என்றால் வடையை ஒளித்துக் கொண்டுவருவார்கள். மருந்தைச் சன்னல் வழியே கொட்டுவார்கள். யாரையும் நம்பியதில்லை.

அந்த மார்கழியில் பெண்கள் வார்டு முழுக்கச் சளிக் காய்ச்சல். வேளை தவறாமல் எல்லாருக்கும் நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வைத்தேன். அது என் சொந்த ஏற்பாடு, கொஞ்சம் பெருமையும் உண்டு. குத்துக்கல்வலசையிலிருந்து வந்திருந்த பெண்ணுக்கு ஏழு மாதம். நாலாம் நாள் காய்ச்சல் தணிந்து, கஞ்சி கேட்டுக் குடித்தாள். ஆறாம் நாள் மறுபடி கொதித்தது. இருமலும் புதிதாக, நாய் குரைப்பதுபோல இருந்தது.

அவள் மாமியார் தினமும் காலையில் தலைமுடி ஈரம் சொட்ட வருவாள். விசாரித்தேன். மருமகளை ஐந்தருவியில் குளிக்க வைப்பதாக நேர்ந்திருக்கிறாளாம். அவள் எழுந்து நடக்கும்வரை அவளுக்குப் பதிலாகத் தானே குளிக்கிறாளாம். பையில் ஒரு ஈரத்துண்டு இருந்தது. அருவித் தண்ணீர் பட்டால் தீராத நோயும் தீரும் என்று நம்புகிற ஊர் இது. அந்தத் துண்டால் மருமகளைத் துடைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். அவள் இல்லவே இல்லை என்றாள். அவ்வளவு நிதானமாக மறுத்ததே எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே விடக் கூடாது என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்க அத்தை வரலியா அக்கா?" என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் ஆவிப் பானையை அவள் பக்கம் நகர்த்தினேன்.

மூன்றாம் நாள் டாக்டர் நெடுநேரம் அவள் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். "இது ஒரு காய்ச்சல் இல்ல சிஸ்டர், ரெண்டு. ஒண்ணு முழுசா இறங்குமுன்ன இன்னொண்ணு பிடிச்சிருக்கு" என்றார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு சிறுமி ஆவி பிடித்துக்கொண்டிருந்தாள். போர்வைக்குள்ளிருந்து அதே குரைப்பு கேட்டது. இதே கம்பளியைத்தான் எல்லாருக்கும் போர்த்துகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். ஆமாம் என்றேன். வார்டில் கனமான கம்பளி அது ஒன்றுதான். சிறுமியை மூடியதை அப்படியே எடுத்து இவளை மூடுவேன். அவர் கம்பளியை வெந்நீரில் போடச் சொன்னார்.

ஓடிப்போய் மாமியாரை அழைத்துவந்தேன். அந்தப் பெண்ணுக்கு அதற்குள் ஆள் அடையாளம் தெரியவில்லை. மறுநாள் போய்விட்டாள், வயிற்றுப் பிள்ளையோடு.

புறப்படும்போது மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் ஈரத்தோட வந்து நின்னதுதான் அவளுக்கு ஆகாமப் போச்சோ, நர்ஸம்மா? நீங்க அன்னைக்கே சொன்னியளே."

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பின்கட்டில் கம்பளி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

"இருக்கலாம் ஆச்சி" என்றேன்.