கையெழுத்துக்கு மேலே இருந்த கதை

இசக்கிமுத்து தன் மாமனாரிடம் இருநூறு ரூபாய் கடன் வாங்கியிருந்தார். அது உண்மை. முப்பத்தோராம் வருஷம் மாம்பலத்தில் பாத்திரக்கடை வைப்பதற்காக வாங்கியது. மூன்றே வருஷத்தில், அவர் கேட்காத வட்டியையும் சேர்த்து, ஊருக்கே போய் எண்ணி வைத்துவிட்டு வந்தார். அதுவும் உண்மை. வாங்கியதை மறைக்கிற ஆள் அவர் இல்லை. ஆனால் வாங்கியதை மட்டும் சொல்லிவிட்டுக் கொடுத்ததை விழுங்குகிறவனைக் கண்டால் அவருக்கு ரத்தம் கொதிக்கும்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஒரு வேட்டியும் ஒரு துண்டுமாகப் பட்டணத்தில் வந்து இறங்கியவர். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். கொத்தவால் சாவடியில் மூட்டை தூக்கினார். அலுமினியப் பாத்திரத்தைத் தலையில் சுமந்து, வெயிலில் அடையாறு வரைக்கும் கூவி விற்றார். அதற்கப்புறம்தான் பனகல் பார்க்குப் பக்கத்தில் கடை. நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஊரே சட்டிபானையை விட்டுவிட்டு ரயிலேறியபோது, கடையைப் பூட்டாமல் உட்கார்ந்திருந்த வியாபாரி அந்த வீதியில் அவர் ஒருவர்தான். ஓடுகிறவர்கள் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போன அண்டாவையும் குடத்தையும் வாங்கி உத்தரம் வரை அடுக்கினார். அப்புறம் பித்தளை கிடைக்காத காலம் வந்தது. அதே அண்டா மூன்று மடங்கு விலைக்குப் போயிற்று. படித்தவன் எவனுக்காவது அந்த யோசனை வந்ததா? வரவில்லை. அடுக்கில் ஒரு கரண்டி குறைந்தாலும் வாசலில் நின்றபடியே சொல்லிவிடுகிற கண் அவருக்கு.

படிப்புதான் வசப்படவில்லை. கணக்கு மனசிலேயே ஓடும். அச்சு எழுத்தை விரல் வைத்துப் படிப்பார். ஒருவர் கையால் எழுதியது என்றால் மட்டும் கண்ணைக் கட்டிவிடும். ஆனால் கையெழுத்துப் போடுவார். முதல் எழுத்தை யானைத் தும்பிக்கை மாதிரி சுழித்து, கடைசி எழுத்தின் வாலைக் காகிதத்தின் ஓரம் வரைக்கும் இழுத்து, யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் போடுவார். அந்தப் பெருமைதான் அவரைக் கவிழ்த்தது.

நாற்பத்தெட்டாம் வருஷம் மகன் ஜவஹருக்குக் கல்யாணமாகி ஜெயபாரதி வீட்டுக்கு வந்தாள். மயிலாப்பூரில் பத்தாவது வரை படித்த பெண். வந்த கொஞ்ச நாளிலேயே குடும்பத்துக்கென்று ஓர் ஆல்பம் தயார் பண்ண ஆரம்பித்தாள். வலது பக்கம் கறுப்புத் தாளில் போட்டோ. இடது பக்கம், போட்டோவில் இருப்பவரின் கதை, அவரே சொன்னபடி வெள்ளைத் தாளில் எழுதி ஒட்ட வேண்டும்.

"வெறும் போட்டோ இருந்தா நாளைக்கு வர்ற பிள்ளைகளுக்கு இது யாரோ மீசைக்காரர்னுதான் தெரியும் மாமா. நீங்க பட்ட பாடு தெரியாது" என்றாள்.

எழுத வராதவர் சொல்ல, எழுதத் தெரிந்தவர் எழுத வேண்டும். கடைசியில் சொன்னவரே கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். அது அவள் போட்ட சட்டம். இசக்கிமுத்துவுக்கு அந்தச் சட்டம் ரொம்பப் பிடித்திருந்தது. நாற்பத்திரண்டில் கடை வாசலில் நின்று எடுத்துக்கொண்ட போட்டோவைக் கொடுத்தார். கதையை எழுதும் வேலை மச்சினன் ராஜரத்தினத்திடம் போயிற்று. அவன் காலேஜில் படித்து, ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தான். சைதாப்பேட்டையில் வீடு.

ராஜரத்தினம் கடைக்கு வந்தது நல்ல கல்யாண சீசன். நாலு பெண்கள் ஒரு தவலைக்கு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஏலே, என் கதை உனக்குத் தெரியாததா? நீயே எழுதிக் கொண்டா, போ" என்று அனுப்பிவிட்டார். மறுவாரம் அவன் எழுதிக்கொண்டு வந்தபோதும் கடையில் கூட்டம். கல்லாப்பெட்டி மேல் தாளை வைத்துத் தும்பிக்கையைச் சுழித்து வாலை இழுத்தார். அவ்வளவுதான்.

ஆல்பத்தை பைண்டு பண்ணியது ராயப்பேட்டை கரீமுல்லா பாய். ஒரு சனிக்கிழமை அவரே கடைக்குக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னா அண்ணாச்சி, மூட்டை தூக்குனேன், கூவி வித்தேன்னு நம்மகிட்ட அந்த உடான்ஸ் உட்டுக்கினு இருந்தியே. கடைசீல பார்த்தா மாமனார் போட்ட பிச்சையாமே?"

"எவன் சொன்னான்?"

"நீதான் சொல்லிகீற. அடில கையெழுத்து வேற போட்டுகீற. பைண்டு பண்றப்போ நான் எல்லாத்தையும் படிச்சுருவேன் நைனா. பொழுது போவணும்ல."

"படியும் பாய். முழுசாப் படியும்."

கரீமுல்லா படித்தார். 'எளியேன் இசக்கிமுத்து எழுதிக்கொண்டது. கல்வியறிவற்ற என்மீது இரக்கம் கொண்டு என் மாமனார் அவர்கள் பெருங்கருணையோடு அளித்த இருநூறு ரூபாயே என் கடைக்கு முதல். இன்று என்னிடம் உள்ள அனைத்தும் அவர் இட்ட பிச்சை. அவருடைய குடும்பத்துக்கு நானும் என் சந்ததியாரும் என்றும் கடமைப்பட்டவர்கள்.'

சொம்பு வாங்க வந்த இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வாலு மட்டும் உன்துதான் அண்ணாச்சி. அதுல டவுட்டே இல்ல" என்றார் கரீமுல்லா.

இசக்கிமுத்து எழுந்தார். ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கினார். ஜப்பான்காரன் குண்டுக்குக்கூடப் பூட்டாத கடையை அன்று நடுமத்தியானத்தில் பூட்டினார். ராஜரத்தினத்துக்கு ஆள் அனுப்பிவிட்டு வீட்டுக்கு நடந்தார். வழியில் கும்பிட்டவர்களுக்குப் பதில் கும்பிடு போடவில்லை.

சாயங்காலம் ராஜரத்தினம் குடையும் கையுமாக வந்தான். கூடத்தில் ஆல்பம் விரிந்து கிடந்தது.

"பிச்சைன்னு எழுதியிருக்கியே, யாருலே பிச்சைக்காரன்?"

"எழுத்துன்னா கொஞ்சம் பணிவு வேணும் அத்தான். பெரியவங்களைப் பத்தி அப்படித்தான் எழுதுவாங்க. அது மரபு."

"மரபா? உன் சம்பளச் சீட்டுல, மானேஜர் போட்ட பிச்சைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுவியா?"

"கடனே வாங்கலைங்கீங்களா?"

"வாங்கினேம்ல. வட்டியோட அடைச்சேன். அதை இதுல எங்க எழுதியிருக்கே? விரல் வச்சுக் காட்டு."

"எங்கய்யா அதைப் பத்தி எங்கிட்டச் சொன்னதில்லை அத்தான். செத்துப்போனவகளை எப்படிப் போய்க் கேக்க?"

இசக்கிமுத்துவின் கை பக்கத்தில் இருந்த செம்பைத் தேடிற்று. ஜெயபாரதி அதற்குமுன் செம்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தாள்.

"மாமா, அந்தத் தாளைக் கிழிச்சிட்டு வேற ஒட்டிரலாம். நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன். ஒரு வார்த்தை கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன்."

அவர் தாளைப் பிய்த்து நாலாகக் கிழித்து ராஜரத்தினத்தின் காலடியில் போட்டார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடத்தில் முன்னும் பின்னும் நடந்தபடியே சொன்னார்.

"எழுதும்மா. நான் இசக்கிமுத்து. இந்தக் கடை என் முதுகுல முளைச்சது. வாங்கின கடனை வட்டியோட விட்டெறிஞ்சிட்டேன். இன்னைத் தேதியில எந்தப் பயலுக்கும், எந்தப் பொம்பளைக்கும் நான் ஒரு தம்பிடி பாக்கி இல்லை. எழுதிட்டியா?"

"அதை எழுதாதே ஜெயா."

சொன்னது சுந்தரவல்லி. இசக்கிமுத்துவின் மனைவி. கூடத்தில் ஆண்கள் பேசும்போது அடுப்படி நிலையைத் தாண்டி வராதவள். ஆல்பத்தில் அவள் போட்டோவுக்கு எதிர்ப்பக்கம் இன்னும் காலியாகவே கிடந்தது. மருமகள் கேட்கும்போதெல்லாம், பொறவு பார்ப்போம் என்று தள்ளிக்கொண்டு வந்தாள். இப்போது முந்தானையில் கையைத் துடைத்தபடி நடுக்கூடத்தில் வந்து நின்றாள்.

"உனக்கென்னட்டி?" என்றார் இசக்கிமுத்து.

"எந்தப் பொம்பளைக்கும் பாக்கி இல்லைன்னீங்களே, அதுக்குத்தான் வந்தேன். எங்கய்யாகிட்ட ஏது இருநூறு ரூபா? மழையில்லாம காடெல்லாம் தரிசாக் கிடந்த வருசம் அது. எனக்குச் சீராப் போட்ட ரெட்டைவடச் சங்கிலியையும் நாலு வளையலையும் தூத்துக்குடியில கொண்டுபோய் வித்துல்லா உங்களுக்குக் கொடுத்தாக. மாப்பிள்ளைகிட்டச் சொல்லாதே, பொண்டாட்டி நகையில கடை வைக்க மாட்டேம்பாரு, பணம் திரும்பி வந்ததும் பண்ணிப் போட்டுருதேன்னாக. நீங்களும் வட்டியோட கொடுத்தீங்க. அது இந்தா நிக்கானே, இவன் காலேஜுக்குப் போச்சு."

ராஜரத்தினம் குடையின் பிடியைப் பார்த்தான். "அதெல்லாம் இப்ப எதுக்கு அக்கா" என்றான்.

அது போதுமாயிருந்தது. இசக்கிமுத்து அவன் சட்டையைப் பிடித்தார். "உனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டுத்தான் பிச்சைன்னு எழுதியிருக்கே. அக்கா சங்கிலியில படிச்ச படிப்புல எனக்கே பிச்சை போடுதியோ?"

"விடுங்க அவனை" என்றாள் சுந்தரவல்லி. "அவன் எழுதின பொய்யைக் கிழிச்சாச்சு. நீங்க சொல்லுத பொய்யை நான் ஒட்ட விட மாட்டேன்."

சட்டையை விட்டதும் ராஜரத்தினம் வாசலை நோக்கிப் பின்னாலேயே நடந்தான். செருப்பை மாட்டிக்கொள்ளக்கூட நிற்காமல் கையில் எடுத்துக்கொண்டு போனான்.

இசக்கிமுத்து மனைவியிடம் திரும்பினார். "இத்தனை வருசமா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

"நீங்க கேட்டீங்களா? அடுக்குல ஒரு கரண்டி இல்லைன்னா வாசல்லயே கண்டுபிடிச்சிருவீங்க. என் கழுத்துல மஞ்சக்கயிறு தவிர ஒண்ணும் இல்லைன்னு ஒரு நாளாவது கண்டீங்களா?"

"அம்மா வீட்டுப் பெட்டியில இருக்குன்னு நீதானே சொன்னே."

"ஒரு தடவை சொன்னேன். அதோட நீங்க மறந்துட்டீங்க. நான் மறக்கலை. அக்கம்பக்கத்துக் கல்யாணத்துக்கெல்லாம் முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டே போயிட்டு வந்தேன். பாத்திரக்கடைக்காரர் பொண்டாட்டிக்குக் குளிர் சாஸ்தின்னு சிரிச்சாளுக."

அவர் குரலை உயர்த்தினார். "அதுக்கு இப்ப என்னை என்ன செய்யச் சொல்லுதே? நான் வாங்கினேன், கொடுத்தேன். ஒரே கடனை ரெண்டு தடவை அடைக்கிறவன் கிறுக்கன்."

"ரெண்டு தடவை எங்க அடைச்சீங்க? கொடுத்தவளுக்கு ஒரு தடவைகூட இன்னும் வரலையே." அவள் குரல் ஏறவே இல்லை. "ஜெயா, என் பக்கத்தை எடு. கதை வேணும் வேணும்னியே, சொல்லுதேன். என் பணம் என் கைக்கு வந்தா, 'கடை வைக்க நான் கடன் கொடுத்தேன், அவரு நாணயமா அடைச்சாரு'ன்னு எழுது. வரலைன்னா, 'என் நகையை வித்து வச்ச கடை'ன்னு எழுது. எதை எழுதினாலும் கீழே நான் கைநாட்டு வைக்கேன். அந்த பைண்டிங் பாய் படிக்கட்டும். ஊருக்கும் சொல்லட்டும்."

ஜெயபாரதி பேனாவின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

எப்படிப்பட்ட மனிதர் இசக்கிமுத்து. கார்ப்பரேஷன்காரன் வந்து மிரட்டியபோது மசியாதவர். மொத்த வியாபாரிகள் ஒன்று சேர்ந்து சரக்கை நிறுத்தியபோது அவர்களையே கடை வாசலுக்கு வரவைத்தவர். அவர் இப்போது கூடத்துத் தூணில் சாய்ந்து நின்றார். செத்துப்போன மாமனாரை வாய்க்குள்ளேயே வைதார். கரீமுல்லா ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்தப் பக்கத்தைப் படிப்பது கண்ணில் வந்து நின்றது. பொண்டாட்டி கழுத்தை வித்து வச்ச கடையாமே அண்ணாச்சி.

"எவ்வளவு?" என்றார்.

"பதிமூணு பவுன். இன்னைய விலைக்கு."

"இன்னைய விலையா? ஏட்டி, வித்தது அன்னைய விலைக்கு. இருநூறு ரூபாதான் என் கைக்கு வந்தது."

"யுத்தத்துல அண்டாவை நீங்க வாங்கின விலைக்கா வித்தீங்க?"

ஜெயபாரதி குனிந்த தலை நிமிரவில்லை. தோள் மட்டும் குலுங்கிற்று.

"சிரிக்காதேம்மா" என்றார் இசக்கிமுத்து. "இன்னைக்குப் பவுன் என்ன விலை?"

"எழுபத்தஞ்சுக்கு மேல போகுது மாமா."

"ஆயிரம்னு வைங்க. இருபது முப்பது கூடக் குறைய இருந்தா அது செய்கூலியில போகட்டும்" என்றாள் சுந்தரவல்லி. அந்தக் கணக்கை அவள் இன்றைக்குப் போட்டதாகத் தெரியவில்லை.

அவர் விறுவிறுவென்று உள்ளே போனார். இரும்புப்பெட்டி திறக்கிற சத்தமும், எதையோ உதைக்கிற சத்தமும் கேட்டன. கல்யாண சீசன் வசூல், மொத்த வியாபாரிக்குத் திங்கட்கிழமை கொடுப்பதற்காக வைத்திருந்தது. அந்த நோட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றார். தரையில் எண்ணி வைக்கிறேன், எடுத்துக்கொள் என்பது போல முகத்தால் காட்டினார். அவள் குனியவில்லை. வலது கையை நீட்டி விரித்தாள்.

பத்து ரூபாய் நோட்டு. எச்சில் தொட்டு ஒவ்வொன்றாக எடுத்து அந்தக் கையில் அடித்தார். "ஒண்ணு. ரெண்டு. உங்கப்பனுக்கு ஒரு தடவை. மூணு. உனக்கு ஒரு தடவை. நாலு. நாளைக்கு உங்க ஆத்தா கிளம்பி வருவா."

"ஆத்தாவை இழுக்காதீங்க. எண்ணிக்கை தப்பும்."

எண்ணிக்கை தப்பவில்லை. பாதிக் கட்டு போனபிறகு அவர் வைவதை நிறுத்திவிட்டார். நோட்டின் சரசரப்பு மட்டும் கேட்டது. ஒரு நோட்டை அவள் எடுத்துத் திருப்பி நீட்டினாள்.

"இது கிழிஞ்சிருக்கு."

அவர் வாங்கிப் பார்த்தார். ஓரத்தில் கிழிந்துதான் இருந்தது. கடையில் எவன் நீட்டியிருந்தாலும் அவரே திருப்பிக் கொடுத்திருப்பார். மடியில் செருகிக்கொண்டு வேறொன்று வைத்தார்.

நோட்டு கூடக்கூட அவள் இடது கையையும் கீழே கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். விரலை மடக்கவில்லை. கடைசி நோட்டை இசக்கிமுத்து கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். அப்போதுதான் அவள் கழுத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அடிக்காமல், அந்த நோட்டை மற்ற நோட்டுகளின்மேல் வைத்தார்.