எட்டு நாள் தாண்டிய சமாதானம்

என் தங்கையின் கணவர் சரக்குக் கப்பலில் போசன். தளத்து ஆட்களை வேலை வாங்குகிறவர். சென்ற மாதம் அவருடைய கப்பல் வளைகுடாவுக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றது. உள்ளே போர். பிறகு இரு நாடுகளும் சண்டையை நிறுத்திவிட்டதாக அறிவித்தன. ஜலசந்தி வழியாகப் போகச் சம்மதிப்பவர்கள் கையெழுத்துப் போடலாம், மற்றவர்கள் இறங்கி ஊர் திரும்பலாம் என்று கம்பெனி சொன்னது.

வெள்ளிக்கிழமை அவர் கூப்பிட்டார். "மச்சான், இந்தச் சமாதானம் நிக்குமா?"

உலகத்துச் சண்டைகள் மூண்ட நாளையும் ஓய்ந்த நாளையும் நோட்டில் குறித்து வைப்பவன் நான். அன்று நோட்டைத் திறக்கவில்லை. எங்கள் கடற்கரையில் எல்லோரும் சொல்வதே வாயில் வந்தது. "எட்டு நாள் தாண்டிட்டுன்னா நிக்கும் மாப்ள. இன்னைக்கு ஒன்பதாவது நாள்."

ஞாயிறு பூசை முடிந்து தங்கை வந்தாள். அவளிடமும் அதையே சொன்னேன்.

"நோட்டு நோட்டா எழுதி என்னத்துக்குண்ணே? எட்டு நாள் கணக்கு நம்ம வலைச் சண்டைக்கு உள்ளதுல்லா?" என்றாள். "நம்ம ஊரும் பக்கத்து ஊரும் வெட்டிக்கிட்டப்போ கோயில்ல வச்சு சத்தியம் பண்ணாவ. மூணே நாள்ல திரும்ப வலைய அறுத்தானுவ. பொறவு மூணாவது ஊர்க்காரவிய வந்து, ஊருக்கு நாலு படகு மோட்டாரக் கழட்டிட்டுப் போயி பூட்டி வச்சாவ. அதுக்குப் பொறவுதான எட்டு நாள் தாண்டிச்சு? அங்கன யாரு மோட்டாரக் கழட்டி வச்சிருக்கா?"

மறுபடி கை வைக்கிற ஊருக்கு மோட்டார் திரும்பாது என்பதுதான் அன்றைய பேச்சு. அந்த மோட்டார்களின் பட்டியலை எழுதியவனே நான்தான். மூன்றாமவர் காவல் நின்ற சமாதானங்களும் முறிந்ததுண்டு; என் நோட்டில் இருக்கிறது. ஆனால் அங்கெல்லாம் முறிக்கிறவனுக்கு இழக்க ஏதோ இருந்தது. இந்தப் போரில் நடுவே நிற்க எந்த நாடும் வரவில்லை; முறிக்கிறவனுக்கு இழக்க ஒன்றுமில்லை. அதைத் தினமும் பேப்பரில் படித்துக்கொண்டுதான் இருந்தேன்.

உடனே அவரைக் கூப்பிட்டேன். தங்கையும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாப்ள, கையெழுத்துப் போடாதிய. இறங்கிருங்க."

"வெள்ளிக்கிழமையே போட்டாச்சே மச்சான்." அவர் குரலுக்குப் பின்னால் சங்கிலியின் இரைச்சல். "பயந்துகிட்டு நின்ன பயலுவளையும் நீங்க சொன்னதச் சொல்லித்தான் போட வச்சேன். எங்க மச்சான் நாள் கணக்குல தப்ப மாட்டாவன்னேன்."

"நான் ஒண்ண விட்டுட்டேன் மாப்ள..."

"இப்ப சொல்லி என்ன செய்ய? நங்கூரம் ஏறுது. அவகிட்ட ஒண்ணும் சொல்லிக்கிடாதிய."

தொடர்பு அறுந்தது. தங்கை கேட்டாள்:

"அந்த எடத்தத் தாண்ட எவ்வளவு நேரமாவும்?"

"ஒரு பகல்" என்றேன். அதுவாவது சரிதானா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரு என்று சொல்லவும் வரவில்லை.