சங்கு ஊதிட்டாங்களா?

இது நடந்தது. நடந்த ஆஸ்பத்திரியின் பேரை மட்டும் சொல்ல வேண்டாம் என்று டாக்டர் சரிதா கேட்டுக்கொண்டார். அதனால் அது இதில் இருக்காது. மற்றதெல்லாம் அவர் சொன்னது சொன்னபடி. பேய் என்றாலே சிரிக்கிறவர்களில் அவரும் ஒருவராகத்தான் இருந்தார். சுடுகாட்டிலோ புளியமரத்தடியிலோ நடந்ததல்ல இது. புதுச்சேரியில், பட்டப்பகலில், ஆஸ்பத்திரி முழுக்க ஆட்கள் நடமாடிக்கொண்டிருந்தபோது நடந்தது.

இரண்டாயிரத்து ஏழாம் வருடம். சரிதா காது மூக்கு தொண்டைப் பிரிவில் மேல்படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தார். ஆராய்ச்சிக் கட்டுரை கொடுத்தால்தான் பரீட்சை எழுத விடுவார்கள். அவர் எடுத்துக்கொண்ட விஷயம் காது இரைச்சல். மூடிப்போன பஞ்சாலைகளில் வேலை பார்த்தவர்கள் ஊரில் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். மெஷின் சத்தத்திலேயே வயதைக் கழித்தவர்கள். காது மந்தமானதோடு விடவில்லை, உள்ளே ஓயாமல் ‘ஙொய்’ என்று ஒரு இரைச்சல் வேறு. அதற்கு ஒரு மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை. மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை. சம்மதம் வாங்கித்தான் கொடுத்தார்கள். ஆனால் யாருக்கு எது போகிறது என்பது ஆராய்ச்சி முடியும் வரை சரிதாவுக்கும் தெரியாது, சாப்பிடுகிறவருக்கும் தெரியாது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மில் வாசலையே மிதிக்காத இரைச்சல்காரர்கள் சிலரையும் சேர்த்திருந்தார்.

சொல்வதற்குச் சுலபம். செய்யப்போனால் ஒன்றும் நகரவில்லை.

முதல் தடவை வந்தவர் இரண்டாம் தடவை வரமாட்டார். போன் போட்டால் பேத்தி எடுத்து, “தாத்தா கூலிக்குப் போயிருக்காரு” என்று வைத்துவிடும். ஒருவரைத் தேடி சேதராப்பட்டு வரைக்கும் பஸ்ஸில் போனார். அவர் மாத்திரையை மாட்டுக்குக் கொடுத்துவிட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். காது கேட்கும் திறனை அளக்கிற ஆடியோமீட்டர் மாதத்துக்கு ஒரு தடவை ரிப்பேர். வழிகாட்டிப் பேராசிரியர் இராமதாஸ், எழுதிக்கொண்டுபோன பக்கங்களைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் தள்ளினார்.

“இதெல்லாம் ஒரு ரிசல்ட்டாம்மா? ஒருத்தருக்கும் குறையல, ஒருத்தருக்கும் ஏறல. எதுக்கு இந்த ஆராய்ச்சி?”

“ஆளே வர மாட்டேங்கறாங்க சார்.”

“வரவழைக்கறதுதான் உன் வேலை.”

ஓ.பி., வார்டு, ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் முடிந்த பிறகு கிடைக்கிற மதிய நேரம்தான் ஆராய்ச்சிக்கு. பசியும் தலைவலியுமாக அந்தச் சோதனை அறைக்கு வந்து உட்காருவார். அது சத்தம் புகாத அறை. பெட்டி மாதிரி இருக்கும். கனமான கதவு, ஓரமெல்லாம் ரப்பர். கதவைச் சாத்தினால் வெளியில் இடி விழுந்தாலும் உள்ளே தெரியாது. நோயாளி உள்ளே ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காருவார். கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் டெக்னீஷியன் ஹரிகிருஷ்ணன் மெல்லிய ‘பீப்’ சத்தங்களை அனுப்புவான். கேட்டால் நோயாளி கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். உள்ளே பேசுவது மைக் வழியாக வெளியில் ஸ்பீக்கரில் கேட்கும்.

அந்த ஆராய்ச்சியில் முதலில் சேர்ந்தவர் சாமிக்கண்ணு. அரியாங்குப்பத்துக்காரர், பழைய மில் தொழிலாளி. அவருக்கு இடது காது சுத்தமாகப் போயிருந்தது. ஆனால் இடது பக்கம் சோதிக்கும்போது, ஹரி ஒன்றுமே அனுப்பாத நேரத்திலெல்லாம் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தார்.

“ஐயா, சத்தம் கேட்டா மட்டும் அழுத்துங்க.”

“கேக்குதே டாக்டரம்மா.”

“என்ன கேக்குது?”

அவர் கொஞ்சம் தயங்கினார். “ஒரு பொம்பள கேக்குறா... சங்கு ஊதிட்டாங்களான்னு.”

சரிதா பேனாவை மேஜைமேல் போட்டார். இதுவும் வேஸ்ட். இரைச்சல்காரர்களில் சிலருக்கு இப்படிக் குரலாகவும் கேட்கும், அது வேறு வகை. ‘எப்போதிலிருந்து’ என்று கேட்டார். மில் மூடுவதற்கு முன்னாலிருந்தே என்றார் அவர்.

“நீங்க என்ன பதில் சொல்லுவீங்க?”

“பதிலா?” சாமிக்கண்ணு அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். “நான் ஏம்மா பதில் சொல்றேன்?”

அடுத்த வாரம் கண்ணையன் என்று ஒருவர். முதல் சோதனையில் வெறும் இரைச்சல்தான் என்று சொல்லியிருந்தவர். இரண்டாம் தடவை வந்து அதே வார்த்தையைச் சொன்னார். ஒரு பொம்பளை. சங்கு ஊதிட்டாங்களா. இடது காதில்.

அதற்கப்புறம் இன்னொருவர். அப்புறம் இன்னொருவர்.

சரிதாவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இவர்களே பேசிவைத்துக்கொள்கிறார்கள். இனி ஒவ்வொருவரையும் தனித்தனி நாளில் வரச் சொல்லு என்று ஹரியிடம் கத்தினார்.

தனித்தனி நாளில்தான் ஜெயம் வந்தாள். தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் எடுக்கிறவள். மில் பக்கமே போனதில்லை. மற்றவர்கள் யாரையும் தெரியாது. முதல் சோதனை முடிந்து போன அன்று ராத்திரியிலிருந்து தூக்கமே இல்லை என்று சண்டைக்கு வந்தாள்.

“என்னா மிஷினுமா அது? வெறும் இரைச்சல் மட்டும் இருந்த காதுல எவளையோ உக்கார வெச்சிட்டீங்க. சங்கு ஊதிட்டாங்களா, சங்கு ஊதிட்டாங்களான்னு உயிர எடுக்குறா. நான் மீன் விக்கிறவ, எனக்கு என்னா சங்கு?”

சரிதா பழைய பதிவுகளைப் புரட்டினார். அன்றைக்குத்தான் அவருக்கு அது உறைத்தது. சாமிக்கண்ணுவைத் தவிர மற்ற எல்லோருக்கும் அந்தக் குரல் வந்தது இந்த அறைக்குள் உட்கார்ந்து எழுந்த பிறகுதான்.

ஏதோ ரேடியோ கலக்கிறது என்று நினைத்துக்கொண்டார். வயரில் கோளாறு. அப்படித்தான் இருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து ஹரியே வந்தான்.

“மேடம், உள்ள மைக்ல மூச்சு வாங்கற மாதிரி வருது.”

“யார் உள்ள?”

“யாருமில்ல மேடம். அதான்...”

“ஒரு மிஷின ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதா உனக்கு? நகரு, நானே உக்காந்து பாக்கறேன்.”

உள்ளே போனார். கதவு ‘தப்’ என்று சாத்திக்கொண்டது. ஹெட்போனை மாட்டினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹரி கையைத் தூக்கிக் காட்டினான்.

வலது காதில் பீப். அழுத்தினார். பீப். அழுத்தினார். எல்லாம் சரியாக இருந்தது.

பிறகு இடது காது. பீப். அழுத்தினார்.

அடுத்தது வரவில்லை. சத்தம் புகாத அறையில் அமைதி என்றால் நாம் நினைக்கிற அமைதி இல்லை. நம் ரத்தம் ஓடுவதே நமக்குக் கேட்கும். சரிதா அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குள்ளே வேறு ஒன்று இருந்தது.

தட... தட... தட... ரொம்ப தூரத்தில். ஒரு பெரிய உருளை சுற்றுகிற மாதிரி.

“ஹரி, என்ன அனுப்பற?”

ஹரி நிமிரவில்லை. குனிந்து ஏதோ வயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். சரிதா அந்த வயரைப் பார்த்தார். அது இவர் தலையில் இருக்கும் ஹெட்போனின் வயர்.

தட... தட... தட... இப்போது கிட்டத்தில்.

“சங்கு ஊதிட்டாங்களா?”

சரிதா ஹெட்போனைக் கழற்றி எறிந்தார்.

“சங்கு ஊதிட்டாங்களா?”

குரல் போகவில்லை. இடது தோளுக்குப் பக்கத்தில். களைத்துப்போன, சத்தமான குரல். காது கேட்காதவர்கள் பேசுவது போல, தேவைக்கு மேல் சத்தமாக.

பஞ்சு நாற்றம். எண்ணெய் நாற்றம்.

கண்ணாடியில் ஹரியைக் காணோம். நாற்காலி காலி.

கதவுப் பிடியைத் திருகினார். திரும்பவில்லை. தட்டினார். ரப்பர் வைத்த கதவு... சத்தமே எழவில்லை.

“சங்கு ஊதிட்டாங்களா?”

கன்னத்தில் மூச்சு பட்டது. சூடாக.

“சங்கு...”

பயம்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியிலிருந்து வேறொன்று பொங்கி வந்தது என்று சரிதா சொன்னார். வராத நோயாளிகள், ஓடாத மெஷின், படிக்காமல் தள்ளப்பட்ட பக்கங்கள், தூங்காத ராத்திரிகள், எல்லாம் சேர்ந்த ஆத்திரம். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

“ஊதிட்டாங்க! போ! ஊதிட்டாங்க, போய்த் தொலை!”

நின்றது.

தட... தட... மட்டும் இன்னும் கொஞ்ச நேரம்.

பிறகு, அந்தத் தட தடவுக்கு நடுவில், எதுவோ சிக்கிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம்.

அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

கதவுப் பிடி தானாகத் திரும்பியது போல இளகியது. வெளியில் ஹரி ஸ்பேனரும் கையுமாக வந்து நின்றான். ஸ்டோர் வரைக்கும் போய்வந்ததாகச் சொன்னான். கதவு பூட்டவே இல்லையே மேடம் என்றான். அப்புறம், “உள்ள உங்ககூட யாரு? நான் வரும்போது ஸ்பீக்கர்ல ரெண்டு பேரு பேசற மாதிரி இருந்துச்சு” என்று எட்டிப் பார்த்தான்.

அன்று சாயங்காலம் அம்மா போனில் கூப்பிட்டார். சரிதா எடுத்து “ஹலோ, ஹலோ” என்றார். பதிலே இல்லை. போன் கெட்டுவிட்டது என்று நினைத்து வலது காதுக்கு மாற்றினார். அம்மா பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஹரிதான் சோதித்தான். இடது காதில் எவ்வளவு சத்தமாக அனுப்பியும் சரிதாவின் விரல் பட்டன்மேல் அசையாமல் கிடந்தது. பேராசிரியர் இராமதாஸே முன்னால் நின்று வைத்தியம் பார்த்தார். உடனே ஸ்டீராய்டு ஆரம்பித்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தம் பார்த்தார்கள். எதிலும் ஒன்றுமில்லை. காரணம் தெரியாத திடீர்க் காது கேளாமை. புத்தகத்தில் அப்படி ஒரு வியாதியே இருக்கிறது. சிலருக்குத் திரும்பி வரும். சரிதாவுக்கு வரவில்லை.

ஆனால் நோயாளிகள் வந்தார்கள். கூப்பிடாமலேயே வந்தார்கள். கண்ணையன் கையெடுத்துக் கும்பிட்டார். ஜெயம் ஒரு பை நிறைய வஞ்சிரம் மீன் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். குரலும் இல்லை, இரைச்சலும் இல்லை. எல்லோருக்கும், ஒரே நாளில் நின்றுபோயிருந்தது.

சரிதா அதை உள்ளபடி எழுதிக்கொண்டுபோனார். யார் யாருக்கு எந்த மாத்திரை என்ற விவரத்தைப் பிரித்துப் பார்த்த இராமதாஸின் முகம் கறுத்தது.

“மாவு மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் நூத்துக்கு நூறு சரியாயிடுச்சா?”

“ஆமா சார்.”

“பரீட்சை நெருங்குதுன்னு நீயே உக்காந்து எழுதினியா?”

“சார், அவங்களக் கூப்பிட்டுக் கேளுங்க...”

“காது போன பொண்ணாச்சேன்னு விடறேன். இத யார்கிட்டயும் காட்டாத. வேற தலைப்பு எடு.”

சரிதா காகிதங்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். என்ன சொல்வது? நடந்ததை எழுதினால் பைத்தியம் என்பார்கள். நடக்காததை எழுத அவருக்கு வரவில்லை. மூக்குத் தண்டு வளைவைப் பற்றி முதலிலிருந்து ஆரம்பித்தார். ஆறு மாதம் வீண். பரீட்சை தள்ளிப்போயிற்று.

அடுத்த வருடம் சாமிக்கண்ணு கண் ஆபரேஷனுக்காக அதே ஆஸ்பத்திரிக்கு வந்தார். சரிதாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். சரிதா அவரை உட்காரவைத்துத் தன் வலது பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். பொறுக்காமல் கேட்டுவிட்டார்.

“ஐயா, அந்தக் குரல் யாருது?”

அவர் சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

“வேம்பு. என்கூட மில்லுல இருந்தவ. பஞ்சுல சிக்கெடுக்குற மெஷின்ல நிப்பா. அந்தச் சத்தத்துல காது போயிடுச்சி. மில்லு சங்கு ஊதறது கேக்காது. சங்கு ஊதினாத்தான் அந்த வரிசை மெஷின மட்டும் நிறுத்துவாங்க, அப்புறம் மூடியத் தொறந்து உள்ள கைய வுட்டு பஞ்சு எடுக்கணும். அதனால போற வர்றவங்க எல்லாரையும் கேட்டுக்கிட்டே இருப்பா, வாயசைவப் பாத்தே பதிலப் புரிஞ்சிக்குவா.”

“அப்புறம்?”

“ஒரு நாளு கமலான்னு ஒரு பொண்ணு அந்தப் பக்கம் வந்தா. ஆபீஸ்ல டைப் அடிக்கிறவ. அவளுக்கு அன்னைக்கு என்னா கோவமோ. இவ திரும்பத் திரும்பக் கேக்கவும், எரிச்சல்ல ‘ஊதிட்டாங்க, போ’ன்னுட்டா. ஊதல டாக்டரம்மா. மூடிக்குள்ள உருளை சுத்திக்கிட்டுதான் இருந்துச்சி. சுத்தி மத்த மெஷினெல்லாம் அதிருற எடத்துல இவளுக்கு என்னா தெரியும்? நம்பிட்டா. மூடியத் தொறந்து கைய வுட்டா.”

சரிதாவின் கை இடது காதுக்குப் போயிற்று.

“அந்தக் கமலா?”

“ஒரு வாரத்துல அவளுக்கு எடது காது சுத்தமாப் போயிடுச்சி. மெஷின் பக்கமே நிக்காத பொண்ணு. எத்தனையோ டாக்டரு பாத்தாங்க. அந்தக் காதுல எதுவும் கேக்காதுன்னுதான் எங்களுக்கெல்லாம் சொன்னா. ஆனா ராவும் பகலும் அந்தக் காதுப் பக்கமே கழுத்தத் திருப்பி வெச்சிக்கிட்டு, ‘இன்னும் ஊதலடி... கைய வைக்காத... கைய வைக்காத’ன்னு கெஞ்சிக்கிட்டே இருந்தா. சாவுற வரைக்கும்.”